அந்தோனி பர்னாந்து எத்தனை பேர்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சில நாள்களுக்கு முன் உங்கள் வாசகர் பகுதியில் ஓர் அன்பர், கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு வம்சாவளி தேடுவது ரொம்பச் சுலபம், பங்குக் கோயிலில் போய்ப் பெயரைச் சொன்னால் நானூறு வருஷக் கணக்கை எடுத்து நீட்டிவிடுவார்கள் என்கிற தோரணையில் எழுதியிருந்தார். அவருடைய கொள்ளுத்தாத்தாவுக்கு ஏதோ அபூர்வமான பெயர் வாய்த்திருக்க வேண்டும். எங்கள் பூட்டனார் பெயர் அந்தோனி பர்னாந்து. பூட்டி பெயர் மரியா. வேம்பாறு முதல் மணப்பாடு வரை எந்தக் கடற்கரையில் நின்று இந்தப் பெயர்களைக் கூப்பிட்டாலும் இன்றைக்கும் நாலு வீட்டிலிருந்து ஆள் எட்டிப் பார்ப்பார்கள். 1860-களில் கேட்கவே வேண்டாம்.

நான் சார்பதிவாளர் அலுவலகத்தில் எழுத்தராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பழைய புத்தகங்களைப் புரட்டுவது எனக்குப் புதிதல்ல, தூசியும் புதிதல்ல. அப்படிப்பட்ட எனக்கே கோயில் பதிவேட்டில் இந்த ஒரு மனிதரைப் பிடிப்பதற்குள் தலை சுற்றிவிட்டது. பொதுப்பெயர்க்காரரை எப்படித் தேடுவது, நம் கோயில் அலுவலகங்கள் இதில் என்ன செய்யலாம் என்று எழுதத் தோன்றியது. கடிதம் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த நானூறு வருஷக் கதை. பங்குகளில், அதாவது ஒரு சாமியாரின் பொறுப்பில் உள்ள கோயில் வட்டாரங்களில், ஞானஸ்நானம், திருமணம் இரண்டையும் புத்தகத்தில் எழுதி வைக்க வேண்டும் என்று கத்தோலிக்க ஆயர்கள் கூடிய திரிதெந்து பொதுச்சங்கம் 1563-இல் சட்டம் போட்டது உண்மை. 1614-இல் வந்த ரோமைச் சடங்கு நூல் இன்னும் விரிவாக, இறந்தவர்களுக்கு ஒரு புத்தகம், வீடு வீடாகக் குடும்பத்தார் பெயர் எழுத ஒரு புத்தகம் என்று மாதிரி வாசகங்களோடு சொல்லிக் கொடுத்தது. ஆனால் சட்டம் இருந்தால் புத்தகம் பிழைத்துக் கிடக்கும் என்று அர்த்தமா? 1658-இல் ஒல்லாந்தர் தூத்துக்குடியைப் பிடித்துக் குருக்களை விரட்டினார்கள். 1773-இல் சேசு சபையையே போப்பாண்டவர் கலைத்துவிட்டார். அப்புறம் கரையான், உப்புக்காற்று, கூரை ஒழுகல். நான் பார்த்த பங்குகளில் பத்தொன்பதாம் நூற்றாண்டுக்கு முன்னால் நகர முடியவில்லை. அதிலும் முதல் சில புத்தகங்களில் மை காகிதத்தையே அரித்து, எழுத்து இருந்த இடத்தில் எழுத்து வடிவத்திலேயே ஓட்டை விழுந்திருக்கிறது. பழைய இரும்பு மைக்கு அந்தக் குணம் உண்டு. அதற்கு மேல் யாரோ நல்ல மனசோடு செல்லோடேப் ஒட்டி வைத்திருப்பார்கள், அது மஞ்சளாகி மிச்சமிருந்த வரிகளையும் மூடியிருக்கும்.

சரி, புத்தகம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். பெயர் ஏன் இவ்வளவு பொதுவாகப் போயிற்று என்பதற்கு எங்கள் பக்கத்தில் தனிக் காரணமே இருக்கிறது. 1535 முதல் 1537 வரை முத்துக்குளித்துறை என்கிற எங்கள் கடற்கரைப் பரதவர்கள் ஊர் ஊராக ஞானஸ்நானம் பெற்றார்கள். போர்த்துக்கீசியப் பெயர்கள் அந்தக் காலத்திலிருந்து வந்து ஒட்டிக்கொண்டவை. பர்னாந்து, ரொட்ரிகோ, கோமஸ், மச்சாது, மிராந்தா, வாஸ் எல்லாம் அப்படி வந்ததுதான். இரத்த உறவு இருந்து ஒரே பெயர் வரவில்லை. ஆகவே இரண்டு பர்னாந்துகள் சொந்தக்காரர்களாக இருந்தே ஆக வேண்டும் என்பது இல்லை, இல்லாமல் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. கடலுக்கு அந்தப் பக்கம் நீர்கொழும்பிலும் சிலாபத்திலும் இதே பெயர் இன்னும் அடர்த்தி.

இது பின்பெயரின் கதை. முன்பெயர் இன்னும் மோசம். மூத்த மகனுக்கு அப்பாவின் அப்பா பெயர், இரண்டாவது மகனுக்கு அம்மாவின் அப்பா பெயர் என்பது எங்கள் வீடுகளில் எழுதாத சட்டம். ஓர் அந்தோனிக்கு நாலு ஆண்பிள்ளைகள் என்றால், நாலு பேரும் தங்கள் தலைப்பிள்ளைக்கு அந்தோனி என்றே வைப்பார்கள். பத்து வருஷத்துக்குள், ஒரே தெருவில், ஒரே பின்பெயரோடு நாலு அந்தோனி. போதாக்குறைக்குக் கைக்குழந்தை இறந்துபோனால் அடுத்துப் பிறக்கும் பிள்ளைக்கு அதே பெயரை மறுபடி வைப்பார்கள். அதனால் ஒரே தாய் தகப்பனுக்கு மூன்று வருஷ இடைவெளியில் இரண்டு அந்தோனி எழுதப்பட்டிருந்தால் சாமியார் தப்பாக எழுதிவிட்டார் என்று நினைக்காதீர்கள், முதல் பிள்ளை போய்விட்டது என்று புரிந்துகொள்ள வேண்டும்.

இன்னொரு சங்கடம், வீட்டில் அழைத்த பெயர் புத்தகத்தில் இருக்காது. சாமியார் இலத்தீனில் எழுதுவார். வீட்டில் ராயப்பன் என்றால் அங்கே பேத்ருஸ், சின்னப்பன் பவுலுஸ், அருளப்பன் யோவான்னெஸ், சூசை யோசேப்புஸ், முடியப்பன் ஸ்தேபானுஸ், ஞானப்பிரகாசம் அலோய்சியுஸ், பெலவேந்திரன் அந்திரேயாஸ். கோவாவிலிருந்து வந்த குருக்கள் போர்த்துக்கீசியத்தில் எழுதினார்கள், அதில் சுருக்கெழுத்து வேறு: பெர்னாந்தேஸ் என்பதை மூன்றே எழுத்தில் முடித்துவிடுவார்கள், ரொட்ரிகஸ் 'ரோயிஸ்' ஆகிவிடும். எங்கள் குடும்பத்தில் பெலவேந்திரன் என்று ஒரு தாத்தா இருந்தார், அவரை அந்தப் பெயரிலேயே தேடுகிறவர்கள் ஆயுசுக்கும் தேட வேண்டியதுதான்.

அப்புறம் எந்தக் கோயில் என்ற கேள்வி. நம் ஊரில் இன்றைக்குக் கோயில் இருக்கிறது, பங்குச் சாமியார் இருக்கிறார் என்பதால் கணக்கும் அங்கேதான் இருக்கும் என்று நினைக்கிறோம். அந்தக் காலத்தில் ஒரு குருவுக்குப் பல ஊர்கள். ஊரில் இருந்தவர் உபதேசியார்தான். சாமியார் வரும்போது ஞானஸ்நானம், பதிவு எல்லாம் தாய்ப்பங்கில். உங்கள் ஊர் எந்த வருஷம் தனிப்பங்கு ஆனது, அதற்கு முன் எந்தப் பங்கோடு இருந்தது என்று கேட்டுக்கொண்டு கிளம்பினால் பாதி அலைச்சல் மிச்சம். எங்கள் கடற்கரையில் இதற்கும் மேலே ஒரு சிக்கல்: போர்த்துக்கல் அரசருக்கு இங்குள்ள திருச்சபை மேல் இருந்த பதுரவாதோ என்ற புரவலர் உரிமையின் கீழ் வந்த கோவா குருக்களுக்கும், 1838-க்குப் பிறகு திரும்பி வந்த பிரெஞ்சு சேசு சபைக் குருக்களுக்கும் நடந்த இழுபறி. ஒரே ஊரில் இரண்டு கோயில், இரண்டு சாமியார், இரண்டு கணக்கு. அண்ணன் இந்தப் பக்கம், தம்பி அந்தப் பக்கம் என்று பிரிந்த குடும்பங்கள் உண்டு. ஊர்ச்சண்டையில் கோபித்துக்கொண்டு ஒரே குடும்பம் மூத்த பிள்ளைக்கு ஒரு கோயிலிலும் இளைய பிள்ளைக்கு மற்றக் கோயிலிலும் ஞானஸ்நானம் வாங்கியதும் உண்டு. இந்த இரட்டை ஆட்சி ஒழுங்காக முடிவுக்கு வந்ததே 1928 உடன்படிக்கைக்குப் பிறகுதான்.

இவ்வளவையும் சொல்லிவிட்டு எங்கள் பூட்டனாரிடம் வருகிறேன். எங்களுக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: தோணியில் தண்டலாக (தோணித் தலைவராக) கொழும்புக்குப் போய் வந்தவர், தாத்தாவுக்கு மீசை முளைக்கும் முன்னமே இறந்துபோனார். சொந்த ஊர் புன்னைக்காயல் என்று அப்பா சொல்வார். இல்லை, மணப்பாடு என்று அத்தை அடித்துச் சொல்வார். அத்தை சொன்னால் வீட்டில் யாரும் எதிர்த்துப் பேச மாட்டோம், ஆனால் நம்பவும் மாட்டோம்.

பெயரை வைத்துத் தேடினால் பிரயோசனம் இல்லை என்பது முதல் புத்தகத்திலேயே தெரிந்துவிட்டது. தாத்தா மிக்கேலின் ஞானஸ்நானப் பதிவு சுலபமாகக் கிடைத்தது. 1893. கன்னங்கரேல் என்றிருந்த மை பழுப்பாகியிருந்தது, கையெழுத்து சாய்வாக, அழகாக. அந்தோனி பர்னாந்துக்கும் மரியாவுக்கும் முறைப்படி பிறந்த மகன் என்று இலத்தீனில் ஒரு வரி. ஓரத்தில் வேறொருவர் கையெழுத்தில், வேறு மையில், அவர் பின்னாளில் யாரை, எந்தக் கோயிலில், என்றைக்குக் கல்யாணம் செய்தார் என்ற குறிப்பு. 1907-இல் ரோமாபுரியிலிருந்து வந்த ஆணை 1908 ஈஸ்டர் முதல் அமலுக்கு வந்தது, அன்றிலிருந்து கல்யாணம் நடந்தால் ஞானஸ்நானப் பதிவின் ஓரத்தில் அதைக் குறிக்க வேண்டும். அதற்குப் பிறகு கல்யாணம் செய்தவர்களைப் பொறுத்தவரை இது பெரிய உபகாரம், பாட்டி பெயர் பொருந்துகிறதா என்று அங்கேயே சரிபார்த்துவிடலாம். எனக்கும் அப்படித்தான் இவர் எங்கள் தாத்தாதான் என்று உறுதியாயிற்று. பூட்டனாருக்கு இந்த வசதி இல்லை, அவர் கல்யாணம் 1880-களில்.

அதே பங்கில் அதே பத்தாண்டில் பிள்ளை பெற்ற அந்தோனி பர்னாந்து - மரியா தம்பதி எங்களுடையது மட்டும் இல்லை. இரண்டாவது ஒரு ஜோடியும் வரிசையாகப் பிள்ளைகளைக் கோயிலுக்குக் கொண்டுவந்திருக்கிறது. யார் பிள்ளை யாருடையது என்று பெற்றோர் பெயரை வைத்து யாரும் சொல்ல முடியாது. இந்த இடத்தில்தான் எல்லோரும் கண்ணை ஓட்டிவிட்டுத் தாண்டிப்போகும் கடைசி வரி உதவிக்கு வந்தது, ஞானத்தகப்பன், ஞானத்தாய் பெயர்கள், அதாவது ஞானஸ்நானத்தின்போது பிள்ளைக்குப் பொறுப்பேற்று நிற்கிறவர்கள்.

இந்த வரியை அலங்காரத்துக்கு எழுதவில்லை. ஞானப்பெற்றோருக்கும் பிள்ளைக்கும், அந்தப் பிள்ளையின் பெற்றோருக்கும் இடையில் ஆன்ம உறவு உண்டாகிறது, அது கல்யாணத்துக்குத் தடை என்பது அப்போதைய சட்டம். அதனால்தான் ஞானப்பெற்றோர் ஒருவர், மிஞ்சினால் ஆண் ஒன்று பெண் ஒன்று, அவர்கள் பெயரைக் கட்டாயம் எழுத வேண்டும் என்று திரிதெந்து சங்கம் வகுத்தது. யாரோ கல்யாணத்தடை பார்ப்பதற்காக எழுதச் சொன்னது இன்றைக்கு நமக்குச் சாவியாகக் கிடைக்கிறது. ஏனென்றால் ஞானத்தாயாக நிற்கிறவள் பெரும்பாலும் பிள்ளையின் அத்தை அல்லது சித்தி, ஞானத்தகப்பன் மாமன் அல்லது பெரியப்பன். வழியில் போகிறவர்களை யாரும் கூப்பிட்டு நிறுத்துவதில்லை.

தாத்தாவின் ஞானத்தாய் பெயர் தெக்லா. ஆயிரம் மரியாக்களுக்கு நடுவில் ஒரு தெக்லா! பெயரைப் பார்த்ததும் எனக்கு வந்த சந்தோஷத்தை வேலைக்காலத்தில் சம்பளக் கமிஷன் கூடத் தரவில்லை. அந்தத் தலைமுறையில் அந்தப் பங்கில் தெக்லா என்று இரண்டே பேர், ஒருத்தி வேறு பின்பெயர்க்காரி, மற்றவள் அந்திரேயாஸ் மகள். அந்திரேயாஸுக்கு இன்னொரு மகள் உண்டு, பெயர் மரியா. அந்திரேயாஸ் என்றால் பெலவேந்திரன் என்று மேலே சொன்னேனே, எங்கள் தாத்தாவின் தம்பி பெயர் பெலவேந்திரன். இரண்டாவது மகனுக்குத் தாயின் தகப்பன் பெயர். அப்படியானால் மூத்த மகனான தாத்தா மிக்கேலுக்கு யார் பெயர்? தகப்பனின் தகப்பன் பெயர். ஆக நான் தேட வேண்டியது வெறும் அந்தோனியை அல்ல, மிக்கேல் மகன் அந்தோனி, அந்திரேயாஸ் மகள் மரியாவைக் கட்டியவர்.

திருமணப் பதிவேட்டில் இந்த நாலு பெயரும் ஒரே பதிவில் கிடைத்தன. மாப்பிள்ளை மிக்கேலுக்கும் இசபெல்லாவுக்கும் பிறந்தவர், 'மணப்பாட்டைச் சேர்ந்தவர்' என்று எழுதியிருந்தது. அத்தை காலமாகி வருஷங்கள் ஆகிவிட்டன, இருந்திருந்தால் எங்களை ஒருவழி செய்திருப்பார்.

அந்தப் பதிவில் இன்னொரு விஷயமும் இருந்தது. மூன்று ஓலை (கோயிலில் படிக்கும் கல்யாண அறிவிப்பு) வாசித்த பிறகு, இரண்டாம் படி இரத்த உறவுத் தடைக்கு ஆயரிடம் விலக்கு பெற்று மந்திரித்தேன் (கல்யாணத்தை ஆசீர்வதித்தேன்) என்று சாமியார் எழுதியிருக்கிறார். இரண்டாம் படி என்றால் அப்போதைய கணக்கில் உடன்பிறந்தவர்களின் பிள்ளைகள், அதாவது அத்தை மகள் அல்லது மாமன் மகள். நம் முறைப்பெண் வழக்கம் திருச்சபைச் சட்டத்தோடு முட்டிக்கொண்டதால் நமக்குக் கிடைத்த லாபம் இது. அந்தக் காலத்தில் நாலாம் படி வரைக்கும் தடை இருந்தது, 1917 சட்டத்தொகுப்புதான் அதை மூன்றாகக் குறைத்தது. முறை மாப்பிள்ளைக்குக் கட்டிக்கொடுத்த வீடு ஒவ்வொன்றும் விலக்குக் கேட்டு மனு போட்டிருக்கும். மனுவோடு மாப்பிள்ளையும் பெண்ணும் எந்தத் தாத்தா பாட்டியில் ஒன்று சேருகிறார்கள் என்று கிளை வரைந்து காட்ட வேண்டும். யோசித்துப் பாருங்கள், சாமியார் கையாலேயே வரைந்த வம்சாவளிப் படம்! வெள்ளைக்காரன் ஊரில் ஜான் ஸ்மித்தைத் தேடி அலைகிறவனுக்கு இந்தப் பாக்கியம் லேசில் வாய்க்காது. ஆனால் மனு இருப்பது பங்கில் அல்ல, ஆயர் இல்லத்தில். அதிலும் எந்த ஆயர் இல்லம் என்று பார்க்க வேண்டும். தூத்துக்குடி மறைமாவட்டம் உண்டானது 1923-இல், அதற்கு முன்னால் திருச்சி. கோவா குருக்களின் பங்காக இருந்திருந்தால் அது வேறு ஆயருடைய கணக்கு. எங்கள் மனுவுக்கு எழுதிப் போட்டிருக்கிறேன், பார்ப்போம்.

பிறகு மணப்பாட்டு அந்தோனியின் பிறப்பு. மிக்கேலுக்கு மகனாக அந்த வயசுக்குப் பொருந்துகிற மாதிரி மூன்று அந்தோனிகள் வந்தார்கள். இங்கே கைகொடுத்தது இறப்புப் பதிவேடு. வம்சாவளி தேடுகிறவர்கள் இறப்புப் புத்தகத்தைக் கடைசியில்தான் தொடுகிறார்கள், என் யோசனை, பொதுப்பெயர் என்றால் அதை முதலில் எடுங்கள். பிறந்த குழந்தைகளில் எத்தனை பேர் அம்மை, பேதி என்று இரண்டு வயசுக்குள் போய்ச் சேர்ந்தார்கள் என்று பார்த்துக் கழித்துக்கொண்டே வந்தால் மிஞ்சுகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். மூன்று அந்தோனிகளில் இரண்டு பேர் கைக்குழந்தையாகவே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். மிஞ்சியவருக்குத் தாய் இசபெல்லா. பெரியவர்கள் இறப்பில் எழுதியிருக்கும் வயசை மட்டும் நம்பாதீர்கள், 'ஏறக்குறைய அறுபது' என்று போட்டிருந்தால் ஐம்பதிலிருந்து எழுபது வரைக்கும் எதுவாகவும் இருக்கலாம்.

இன்னும் ஒன்று பாக்கி நிற்கிறது. பூட்டனார் பிள்ளைகள் வரிசையில் நடுவில் ஒரு நீண்ட இடைவெளி. அந்தக் காலத்துக் குடும்பத்தில் அப்படி இடைவெளி விழுந்தால் ஒன்று பிள்ளைகள் வேறு இடத்தில் பிறந்திருக்க வேண்டும், இல்லை பதிவே தொலைந்திருக்க வேண்டும். தோணிக்காரர் குடும்பத்தைக் கொழும்புக்குக் கூட்டிப்போயிருந்தால் கொச்சிக்கடை அந்தோனியார் கோயில் பக்கம்தான் பார்க்க வேண்டும். அந்தக் கோயிலில் போய் அந்தோனி பர்னாந்து என்று ஒருவரைத் தேடுகிறேன் என்று சொல்லத்தான் கூச்சமாக இருக்கிறது.

சிலர் இலண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் எல்லாம் இருக்கிறது, இணையத்திலேயே பார்க்கலாம் என்று சொல்வார்கள். அங்கே இந்திய அலுவலக ஆவணங்களில் சென்னை மாகாணத்து ஞானஸ்நானம், திருமணம், அடக்கப் பதிவுகள் 1698 முதல் இருப்பது வாஸ்தவம். ஆனால் அவை பெரும்பாலும் ஐரோப்பியர், ஆங்கிலோ இந்தியர் பதிவுகள். நம் பின்பெயர்கள் போர்த்துக்கீசியமாக இருப்பதால் தேடினால் பெயர்கள் வந்து குவியும், நம் ஆள் என்று சந்தோஷப்பட்டுவிடாதீர்கள். நம் ஜனங்களின் கணக்கு நம் கோயில் பீரோவில்தான் இருக்கிறது.

அந்தப் பீரோவைப் பற்றித்தான் உண்மையில் இந்தக் கடிதம். பல பங்கு அலுவலகங்களில் நடைமுறை இப்படி: பெயர், அப்பா பெயர், அம்மா பெயர், தேதி எழுதிக் கொடுங்கள், தேடி வைக்கிறோம், சான்றிதழ் தருகிறோம், புத்தகத்தைக் காட்ட முடியாது. வேலைக்கோ பாஸ்போர்ட்டுக்கோ சான்றிதழ் கேட்கிறவருக்கு இது போதும். எங்களைப் போன்றவர்களுக்கு இது உதவாது, எந்த அந்தோனி என்று தீர்மானிப்பது அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும் தம்பியின் பொறுப்பாகிவிடுகிறது. ஒரு பங்கில் எனக்கு முத்திரையோடு ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள், அந்தோனி, தகப்பன் மிக்கேல், எல்லாம் பொருத்தமாக இருந்தது. பிறகு இறப்புப் புத்தகத்தைப் பார்க்க வேறு வழியில் அனுமதி கிடைத்தபோது அந்தப் பிள்ளை பதினோரு மாதத்தில் இறந்துபோயிருந்தது. நான் அந்தச் சான்றிதழோடு நின்றிருந்தால் பதினோரு மாதக் குழந்தையின் கொள்ளுப்பேரனாக இருந்திருப்பேன். தம்பி மேல் குற்றம் இல்லை, அவருக்கு ஒரு வரியைத்தான் தேடச் சொன்னார்கள், பக்கம் முழுக்கப் படிக்கச் சொல்லவில்லை.

எங்கள் பதிவுத்துறையில் 1908 சட்டப்படி ஆள் பெயர் வாரியாக ஓர் அட்டவணை, சொத்து வாரியாக இன்னோர் அட்டவணை வைத்திருப்போம். பெயர் வாரியாகப் பார்த்தால் ஊரில் இருக்கும் முருகேசன்களில் எந்த முருகேசன் என்று தெரியாது; சர்வே எண் வாரியாகப் பார்த்தால் வில்லங்கம் வந்து நின்றுவிடும். கோயில் பதிவேட்டுக்கும் இதே மாதிரி இரண்டாவது அட்டவணை வேண்டும். இப்போது இருக்கும் அட்டவணையில் பிள்ளை பெயர் மட்டும் இருக்கும், அதுவும் முன்பெயர் வரிசையில், 'அ' என்ற எழுத்தில் அந்தோனிகளே பல பக்கம். ஞானப்பெற்றோர் பெயர், தாயின் பெயர், ஊர், ஓரக் குறிப்பு, கல்யாணச் சாட்சிகள் என்று எல்லாவற்றையும் ஏற்றினால் ஒரு தெக்லாவைப் பிடித்து ஒரு குடும்பத்தையே வெளியே எடுத்துவிடலாம்.

சாமியார்களின் தயக்கம் எனக்குப் புரியாமல் இல்லை. சொத்து வழக்குக்கும் சாதிச் சான்றிதழ் தகராறுக்கும் கோயில் ஏட்டைக் கோர்ட்டுக்கு இழுத்த அனுபவம் அவர்களுக்கு இருக்கிறது. பழைய புத்தகங்களில் சாதி எழுதியிருக்கும், தகப்பன் பெயர் இல்லாத பிள்ளைகள் இருப்பார்கள், அதையெல்லாம் ஊருக்கு விரித்துப் போட முடியாதுதான். சரி, நூறு வருஷம் என்று ஒரு கோடு போடுங்கள். அதற்குள் இருப்பது சம்பந்தப்பட்டவருக்கு மட்டும். அதற்கு முந்தியது தேடுகிறவர்களுக்கு, புத்தகமாக இல்லாவிட்டாலும் படமாக. அசலைத் தொடவே வேண்டாம், நல்ல கேமரா, இரண்டு விளக்கு, பங்கு இளைஞர் குழுவில் நாலு பிள்ளைகள் போதும். ஸ்கேனரில் கவிழ்த்து முதுகை உடைத்துவிடாமல் மேலிருந்து படம் எடுக்க வேண்டும். அட்டவணை போட வயசானவர்கள் நாங்கள் இருக்கிறோம், இலத்தீன் தெரிந்த ஓய்வுபெற்ற குருக்கள் இன்னும் இருக்கிறார்கள், கொஞ்ச காலத்துக்கு. ஆனால் ஒன்று, இதைச் செய்யும்வரை யாரும் செல்லோடேப் ஒட்டாதீர்கள், லேமினேஷனும் செய்யாதீர்கள்.

சட்டமும் இடம் கொடுக்கிறது. 1983 திருச்சபைச் சட்டத்தொகுப்பில் 535-ஆம் சட்டம் பழைய பங்குப் புத்தகங்களையும் கவனமாகப் பாதுகாக்க வேண்டும் என்கிறது. 487-ஆம் சட்டத்தின் இரண்டாம் பிரிவு, இயல்பிலேயே பொதுவானதும் தங்கள் நிலை சம்பந்தப்பட்டதுமான ஆவணங்களின் நகலைத் தாங்களாகவோ பதிலாள் மூலமாகவோ பெற உரியவர்களுக்கு உரிமை உண்டு என்கிறது. இது மறைமாவட்ட ஆவணங்களைப் பற்றிய சட்டம், அதாவது எங்கள் விலக்கு மனு கிடக்கும் அதே அலமாரியைப் பற்றியது. இதைச் சொல்லி யாரிடமும் சண்டைக்குப் போகச் சொல்லவில்லை, பணிவாக எழுதிக் கேளுங்கள், எண்ணையும் குறிப்பிடுங்கள்.

தேடத் தொடங்குகிறவர்கள் கோயிலுக்குக் கிளம்பும் முன் வீட்டில் ஒரு காரியம் செய்யலாம். தாத்தா பாட்டியோடு பிறந்தவர்கள் அத்தனை பேர் பெயரையும், இறந்துபோன குழந்தைகள் பெயர் உட்பட, பிறந்த வரிசையில் எழுதுங்கள். யாருக்கு யார் ஞானத்தாய் என்று கிழவிகளிடம் கேளுங்கள், அவர்களுக்கு அது மறக்காது. குடும்பத்தில் யாருக்காவது விசித்திரமான பெயர் இருந்தால் அதைப் பிடித்துக்கொள்ளுங்கள், அந்தோனியை விட்டுவிடுங்கள், அவர் தானாக வந்து சேருவார். ஆண்பிள்ளைகள் வழியே போனால் பர்னாந்து, பர்னாந்து, பர்னாந்து என்றுதான் வரும். எங்கள் பூட்டனாரைக் கண்டுபிடித்துக் கொடுத்தது அவர் கொழுந்தியாள்.

ஆசிரியர் அவர்களே, இடம் போதாமல் கடிதத்தைச் சுருக்க வேண்டியிருந்தால் அத்தை கதையைத் தாராளமாக வெட்டிக்கொள்ளுங்கள். அந்த 487-ஆம் எண்ணையும் இரண்டாவது அட்டவணையையும் மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். பங்கு அலுவலகத்தில் உங்கள் பத்திரிகை வாங்குகிறார்கள் என்று எனக்குத் தெரியும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
தூத்துக்குடி